கூடாரமும் குடவோலையும்

தம் கல்லூரியார் ஆடும் பந்தயத்தைக் காண விழைந்தும் உள்ளே இடம் பெறாது வாயிலில் நிற்கும் மாணவர் நிலை, மேலெழுந்தவாறு நோக்குவார்க்குச் சிறியதொரு செய்தியாகத் தோன்றலாம். ஆயின், இடம் சிலவாகவும் விழைவார் பலராகவும் உள்ள எவ்விடத்தும் எழும் வினாவே ஈண்டும் எழுகின்றது. யாருக்குக் கொடுப்பது? பொருளுடையார்க்கோ, மூத்தார்க்கோ, முன்னர் வந்து காத்திருந்தார்க்கோ, அன்றித் திருவுளச்சீட்டு யாரைக் காட்டுகின்றதோ அவர்க்கோ? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வகலாசாலைகள் இந்நான்கு வழிகளையும் கைக்கொண்டு பார்த்துள்ளன. அவற்றுள் எது நேரியது என்பது பற்றி எம் கருத்தைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

அந்நாட்டை யாம் தெரிந்தெடுத்தது காரணமின்றியன்று. நம் கல்லூரிப் பந்தயங்கட்குப் பெரும்பாலும் சீட்டும் இல்லை, வாயிற்காவலும் இல்லை. வேலியோரத்து மரநிழலில் நின்று வழிப்போக்கரும் காணலாம். அங்கோ கல்லூரி விளையாட்டு ஊர்த்திருவிழாப் போன்றது. மிச்சிகன் சர்வகலாசாலையின் காற்பந்து அரங்கில் 1,07,601 பேர் அமரலாம் என்றால் அதன் பெருமையை நேயர்கள் உணர்ந்துகொள்வார்கள். அன்றியும், அவர்கள் பெரிதும் போற்றும் ஆட்டங்களுள் ஒன்றாகிய கூடைப்பந்து நமக்கு அயலதன்று. 1891 ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பிரிங்பீல்டு நகரத்து வாலிபர் கிறிஸ்தவ சங்கப் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை மேலே கட்டிவைத்துப் பதினெட்டு மாணவரை ஆடவிட்டார், ஆட்டம் பிறந்தது. பிற்காலத்தில் அப்பள்ளியிற் பயின்றுவந்த ஹாரி குரோ பக் என்பாரே 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தவர். நம் மைதானங்களில் மாலைதோறும் நிகழும் ஆட்டத்திற்கும் அங்கே மாணவர் குளிரிற் கிடந்து காண விழையும் ஆட்டத்திற்கும் மூலம் ஒன்றே.

முதலில் பொருள்வழியை நோக்குவோம். மேலே கூறிய மிச்சிகனில் மாணவர் காற்பந்துப் பருவம் முழுமைக்கும் உரிய சீட்டை விலைகொடுத்தே பெறல் வேண்டும். 2013 ஆம் ஆண்டில் ஏழு பந்தயங்கட்கு 295 டாலர் என்று விலை வைத்தனர். அவ்வாண்டிலேயே, மூத்த மாணவர்க்கு நல்லிடம் என்று நெடுநாள் இருந்துவந்த ஒழுங்கை நீக்கி, முன்வந்தார் முன்னமர்க என்னும் புதிய விதியையும் புகுத்தினர். மாணவர் காலந்தாழ்த்து வருகின்றனர், அவர்தம் பகுதி வெறிச்சோடிக் கிடக்கின்றது என்பது அதிகாரிகள் காட்டிய காரணம். விலையும் கொடுத்து விடியலில் வந்தும் நிற்க வேண்டுமோ என்று மாணவர் மனம் புழுங்கினர். மறு ஆண்டே அவ்விதி கைவிடப்பட்டது. எனினும் விலை குறையவில்லை, வாங்குவார் தொகையே குறைந்தது. 2015-இல் விலை 175 டாலராக இறங்கிற்று. கல்விக்கு ஒருமுறை கட்டணம் பெற்ற கல்லூரி, தன் பெயரைத் தாங்கி ஆடும் தன் மாணவரைக் காண்பதற்கும் அம்மாணவனிடமே மீண்டும் கைந்நீட்டுவது அழகன்று. பொருள்வழியைப் பற்றி இதற்குமேற் சொல்ல யாம் விரும்பவில்லை. அதன் குறை வெளிப்படை.

மூப்புவழிக்கு டெக்ஸாஸ் மாகாணத்து ஏ அண்டு எம் சர்வகலாசாலை எடுத்துக்காட்டு. அங்கே காற்பந்துப் பந்தயம் நிகழும் வாரத்தில், திங்கட்கிழமை நான்காம் ஆண்டு மாணவரும், செவ்வாய் மூன்றாம் ஆண்டினரும், புதன் இரண்டாம் ஆண்டினரும், வியாழன் புதியவரும் சீட்டுப் பெறுதல் வழக்கம். இன்று கடைசியில் நிற்பவன் ஒருநாள் முதலில் நிற்பான் ஆதலின், இதிற் கொடுமை மிகுதியில்லை. ஒருவர் தம் தோழர் சிலர்க்கும் சேர்த்து வாங்கலாம் என்பது இதன் நயம். ஆனால் அவ்வரங்கு லட்சம் பேரைக் கொள்வது. மூப்புவழி பெரிய அரங்கிற்குத் தகும்; சிறிய அரங்கில் முதலாண்டு மாணவனுக்குக் கதவே திறவாது.

சிறிய அரங்கின் செய்திக்கே இனி வருகின்றோம். வட கரோலினா மாகாணத்து டர்ஹாம் நகரில் டியூக் சர்வகலாசாலை உள்ளது. 1838-இல் மெதடிஸ்டு, குவேக்கர் குடும்பத்தார் தம் பிள்ளைகட்கென நிறுவிய நாட்டுப்புறப் பள்ளியொன்றே வளர்ந்து கல்லூரியாகிப் பின்னர்ப் புகையிலைச் செல்வர் ஜேம்ஸ் டியூக் என்பாரின் பெருங்கொடையால் 1924-இல் இப்பெயர் பெற்றது. அதன் கூடைப்பந்து அரங்கு 1940 ஜனவரியில் திறக்கப்பட்டது. இன்று கேமரன் உள்ளரங்கு என வழங்குவது. 9,314 பேர்க்கே அதில் இடம். அரங்கின் அமைப்பில் ஒரு புதுமை உண்டு. பெருங்கொடையாளரும் பழைய மாணவருட் செல்வரும் மேல்தளத்தில் அமர்வர். ஆடுகளத்தின் எல்லைக்கோட்டை ஒட்டிய கீழிடம் மாணவர்க்கு உரியது. இளமாணாக்கர் அதற்குக் காசு கொடுப்பதில்லை. இவ்வொழுங்கை யாம் மனமாரப் பாராட்டுகின்றோம். பொருள் கொடுத்தான் எட்டி அமர, படிக்கும் பிள்ளை கிட்ட நிற்பது எத்தனை கல்லூரிகளிற் காணக்கூடும்?

ஆனால் அவ்விடம் ஏறக்குறைய 1,200 பேர்க்கே போதும். இளமாணாக்கரோ ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர். பெரும்பாலான பந்தயங்கட்கு வரிசையில் நின்று புகுந்துவிடலாம். பக்கத்து ஊராகிய சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா சர்வகலாசாலையார் வந்து ஆடும் நாளிலேதான் இடர்ப்பாடு. இரு கல்லூரிகட்கும் இடையே பத்துக் கல் தொலைவுகூடத் தேறாது. பங்காளிப் பகை எனத் தகும் போட்டியோ நாடறிந்தது. 1986-இல் மாணவர் சிலர் அப்பந்தயத்திற்குச் சில நாள் முன்னரே அரங்கின் எதிரே கூடாரம் அடித்துத் தங்கினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அதுவே வழக்கமாயிற்று. புல்வெளியில் எழுந்த அக்கூடாரச் சேரிக்குத் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷிஷெவ்ஸ்கி என்பாரின் பெயரால் ஷிஷெவ்ஸ்கிவில் என்று பெயரும் இட்டனர். நம் நாவிற்கு மட்டுமன்றி அவர்கள் நாவிற்கும் அப்பெயர் இடறுவதாலோ என்னவோ, கே-வில் என்று சுருக்கி வழங்குகின்றனர்.

விளையாட்டாய்த் தோன்றியதற்கு நாளடைவில் சட்டங்களும் அமைந்தன. அவற்றை இயற்றுவாரும் நடத்துவாரும் மாணவரே. வரிசைக் கண்காணிகள் என்று அவர்க்குப் பெயர். விதிகள் ஆண்டுதோறும் சிறிது மாறும். அண்மை ஆண்டுகளில் இருந்துவந்த பொது ஒழுங்கு இது: ஒரு கூடாரத்திற்குப் பன்னிருவர், கூடாரங்கள் நூறு என்பது எல்லை. ஜனவரியில் முதலில் தொடங்குவது கறுப்புக் கூடாரம். அதில் இரவுதோறும் பன்னிருவருட் பதின்மர் உறங்கல் வேண்டும். அடுத்து நீலக் கூடாரம்; அதில் அறுவர். இறுதியில் வெள்ளைக் கூடாரம், அதில் இருவர். பகலிலும் ஒருவரோ இருவரோ காவலிருத்தல் வேண்டும். எந்நேரமும் கண்காணிகள் ஊதுகுழல் ஒலிக்க, உள்ளார் ஓடிவந்து தம் பெயர் கொடுத்தல் வேண்டும். அளவுக்கு மேற்பட்ட முறை தவறிய கூடாரம் வரிசையில் தன் இடத்தை இழக்கும். நள்ளிரவிலும் குழல் ஒலிப்பதுண்டு. குளிர் ஓர் அளவைக் கடந்தாலும், பனி மிகப் பெய்தாலும், இடி மின்னல் தோன்றினாலும், அன்றைக்கு விடுதலை. கறுப்புக் கூடாரத்திற்கு விழைவார் மிகுந்தமையால், தம் கல்லூரி அணியின் வரலாறு பற்றி எழுத்துத் தேர்வு நடத்தி இடம் வரிசைப்படுத்தும் வழக்கமும் அண்மையில் வந்துள்ளது. தேர்வு என்னும் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் மாணவர் உலகம், தானே முன்வந்து ஒரு தேர்வை விதித்துக்கொண்டது ஈதொன்றே போலும்!

இதனைப் பித்தென்று நகுவார் நம்மிற் பலர் இருப்பர். யாம் நகமாட்டோம். மார்கழிப் பனியில் விடியுமுன் எழுந்து கோயிலுக்குச் செல்வாரையும், தேர்த்திருவிழாவிற்கு முன்னிரவே வந்து வீதியோரத்திற் பாய்விரிப்பாரையும் அறிந்த நமக்கு, காத்திருத்தலில் ஓர் இன்பம் உண்டென்பது புதிதன்று. ஒரே கூடாரத்திற் குளிருக்கு ஒடுங்கிக் கிடந்த பன்னிருவர் வாழ்நாள் முழுதும் நண்பராதல் இயல்பே. ஷிஷெவ்ஸ்கி 1980 முதல் 2022 வரை அங்கே பயிற்றியவர். ஐந்து முறை தேசிய வாகை சூடியவர். அவர் கூடாரத்தார்க்குப் பீட்சா வருவித்துக் கொடுத்ததும், பந்தயத்திற்கு முன்னிரவு அவர்களை அரங்கினுள் அழைத்து ஆட்டத்தின் நுட்பங்களை எடுத்துரைத்ததும் பலரறிந்தவை. 2022 மார்ச்சு 5 அன்று அவர் அவ்வரங்கிற் பயிற்சியாளராய் நின்ற கடைசிப் பந்தயம் நிகழ்ந்தது. வந்தவர் சாப்பல் ஹில் அணியினரே. வெளிச்சந்தையில் ஒரு சீட்டு ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோயிற்று. அதே பந்தயத்தை, காசொன்றும் கொடாது, ஆடுவார் வியர்வை தெறிக்கும் தொலைவில் நின்று கண்டனர் கூடாரத்து மாணவர். விருந்தினர் 94-க்கு 81 என்று வென்று சென்றது அவர்க்கு வருத்தமாயிருக்கலாம். அஃது ஆட்டத்தின் இயல்பு. பொருளால் வாங்கவியலாத ஒன்றைப் பொறுமையால் வாங்கினர் அன்றோ?

நிற்க. பொறுமை எல்லார்க்கும் ஒரே விலைதானா என்பதே எம் ஐயம்.

கறுப்புக் கூடாரக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பன்னிருவருட் பதின்மர் இரவுதோறும் அங்கே கிடத்தல் வேண்டுமெனின், ஒருவனுக்கு ஆறிரவில் ஓரிரவே தன் படுக்கை. பல வாரம் இவ்வாறு. தந்தை அனுப்பும் பணத்திற் படிக்கும் மாணவனுக்கு இஃது உறக்கக் கேடு; அவ்வளவே. கல்லூரி உணவுச்சாலையில் மாலைவேளையிற் பணிபுரிந்தோ, நூலகத்தில் இரவுமணி வரை நூல் அடுக்கியோ தன் செலவை ஈட்டும் மாணவனுக்கு? அமெரிக்காவில் அரசினர் உதவியால் அத்தகைய வேலை பெற்றுப் படிப்போர் மிகப் பலர். குழல் ஒலிக்கும்போது அவன் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பான். அவன் வரத் தவறினாற் கூடாரத்தார் பதினொருவர்க்கும் கேடு விளையும் ஆதலின், அவனை முதற்கண் கூட்டுச் சேர்த்துக்கொள்ளவே தோழர் தயங்குவர். விரட்டுவார் எவரும் இலர், அழைப்பார்தாம் இலர். நோயுற்ற உடம்பினனும், ஆய்வுக்கூடத்திற் சோதனையை இடையில் விட்டு வரவியலாதவனும், குளிரில் உறங்கினால் மூச்சு முட்டுபவனும் இந்நிலையினரே. வாயிலிற் காசு கேட்கவில்லை என்பது உண்மை. காலத்தைக் கேட்கின்றனர், காலமோ ஏழைக்குப் பணத்தினும் அரிது.

விதி எல்லார்க்கும் ஒன்றே, விரும்பியவன் வரட்டும் என்று மறுமொழி கூறுவர். வரிசையின் ஒழுங்கினும் முற்பட்டது, வரிசையில் நிற்க யார்க்கு இயலும் என்னும் வினா. இதனை அக்கல்லூரியின் வரலாறே வேறொரு வகையிற் காட்டும். அரங்கையும் அதனைச் சூழ்ந்த கல்மாளிகைகளையும் வரைந்தளித்த சிற்பி ஜூலியன் ஏபில் என்பார் ஆப்பிரிக்க அமெரிக்கர். அவர் இனத்துப் பிள்ளைகளை அச்சர்வகலாசாலை இளமாணாக்கராகச் சேர்த்துக்கொண்டது 1963-இலேதான். அக்கொடுமையையும் கூடார விதியையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பது எம் கருத்தன்று. அது சட்டத்தாற் செய்த விலக்கு, இது வழக்கத்தால் நேரும் விலக்கு. ஆயினும் உள்ளே ஆரவாரிப்போர்க்கு வெளியே நின்றவன் முகம் புலப்படாமை இரண்டிற்கும் பொது.

இனிக் குலுக்கல்வழி. பத்துக் கல்லுக்கு உட்பட்ட சாப்பல் ஹில்லில் இம்முறையே நிகழ்கின்றது. 1986-இல் திறந்த டீன் ஸ்மித் அரங்கு அவர்களுடையது. இருபத்தோராயிரத்திற்கு மேற்பட்டோர் அமரத்தக்கது. மாணவர் தம் பெயரைக் கணினிவழிப் பதிந்துவைப்பர். குலுக்கலில் எழுந்தவர்க்குச் சீட்டு வரும். எந்த வேளையில் உள்ளே விடப்படுவர் என்பதும் குலுக்கலே தீர்ப்பது. உணவுச்சாலையிற் பணிபுரிபவனும் ஆய்வுக்கூடத்தில் நிற்பவனும் தம் வேலை கெடாது பெயர் கொடுக்கலாம். நேர்மையில் இதற்கு நிகரில்லை. எனினும் குறை இல்லாமலில்லை. ஆட்டத்திற் பற்றில்லாதவனும் ஒரு நொடியிற் பெயர் கொடுத்துவிடுகின்றான். சீட்டு விழுந்தால் மழையென்றும் தேர்வென்றும் சாக்குச் சொல்லி வாராதிருந்துவிடுகின்றான். உயிரையே வைத்திருந்தவன் வீட்டில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றான். மேலும், அவ்வரங்கு நன்கொடையாற் கட்டப்பெற்றமையின் களத்தை அடுத்த நல்லிடங்களுட் பல கொடையாளர் கையில் உள்ளன. குலுக்கல் எத்துணை நேரியதாயினும், குலுக்கக் கொடுத்த இடம் எங்குள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும். டியூக் மாணவர் சாப்பல் ஹில்லாரை ஏளனம் செய்ய இஃதொன்று போதும், செய்தும் வருகின்றனர்.

கூடாரத்திற் பற்று உண்டு, நேர்மை குறைவு. குலுக்கலில் நேர்மை உண்டு, பற்று குறைவு. இரண்டையும் கூட்டலாகாதோ? கூட்டியவர் உளர், அதுவும் தொலைவிலன்று, அதே டியூக்கில், அதே அரங்கின் நிழலில். அங்குள்ள முதுமாணாக்கர், அதாவது பட்டம் பெற்றுப் பின் ஆராய்ச்சியும் மருத்துவமும் சட்டமும் பயில்வோர், பல வாரம் கூடாரத்திற் கிடக்க இயலாதவர். மனைவி மக்களோடு வாழ்வாரும் அவருள் உளர். அவர் வழக்கம் வேறு. பருவம் தொடங்குமுன் ஒரு வார இறுதியில் எல்லாரும் ஓரிடத்திற் கூடித் தங்குவர். இரவும் பகலும் குறியாத நேரத்திற் பெயர் அழைக்கப்படும். இறுதிவரை தவறாது நின்றவர் பெயர்களை மட்டும் குலுக்கலில் இடுவர். எழுந்தவர் பருவச்சீட்டை விலைக்குப் பெறும் உரிமை அடைவர்.

இம்முறையைக் கேட்டவுடன் எமக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டு நினைவிற்கு வந்தது. பராந்தக சோழன் காலத்தில் அவ்வூர்ச் சபைக்கு உறுப்பினரைத் தெரிந்தபோது, கண்டவர் பெயரையெல்லாம் குடத்தில் இட்டார்களல்லர். இன்ன வயதினர், இன்ன கல்வியினர், இன்ன நிலமுடையார் என்று வரையறுத்து, தகுதியுடையார் பெயரை மட்டும் ஓலையில் எழுதி இட்டனர். அதன்பின் ஒரு சிறுவன் கையிட்டு எடுத்தான். தகுதி முன்னும் குலுக்கல் பின்னுமாக நின்றமையால், தகாதவன் புகவும் இல்லை, தக்கவருள் ஒருவனை விரும்பியும் வெறுத்தும் தெரிய எவருக்கும் இடமும் இல்லை. அவர் வகுத்த தகுதி நிலவுடைமையை நாடிற்று. இன்று அதனை யாரும் ஒப்பார். முறை மட்டும் நல்லது.

ஆகவே டியூக் இளமாணாக்கர்க்கு யாம் சொல்லத் துணிவது இதுவே. கூடாரத்தை ஒழிக்க வேண்டா. அது போனால் குளிரும் போகும், கூட்டுறவும் போகும்; வானத்தை நோக்கி உறங்கிய இரவுகளை முதுமையிற் சொல்ல ஒன்றும் இராது. பல வாரத்தைச் சில நாளாகச் சுருக்குக. வேலைக்குச் செல்பவன் மூன்றிரவுக்கு மாற்றாள் தேடிக்கொள்வான். முப்பதிரவுக்குத் தேட மாட்டான். அச்சில நாளும் தவறாது நின்ற கூடாரங்கட்கு இடத்திற் பெரும்பகுதியைக் கொடுக்க. எஞ்சிய ஒரு பகுதியை, கல்லூரிப் பணியிலும் மருத்துவர் ஆணையிலும் கட்டுண்டமையால் நிற்கவியலாதவர் என்று சான்று காட்டினோர்க்கு மட்டும் குடவோலையில் இடுக. நூறு இடம் ஒதுக்கினாலும் போதும்.

பொய்ச்சான்று கொண்டு வருவார் சிலர் என்று தடை கூறுவர். வருவர். கூடாரத்திலும் போர்வைக்குள் தலையணையை வைத்து ஆளெனக் காட்ட முயல்வார் இருத்தல் கூடும். அதற்கன்றோ நள்ளிரவிற் குழல் ஊதுகின்றனர்? அவ்வளவு விழிப்புடைய கண்காணிகள் ஒரு சான்றோலையை உணவுச்சாலைத் தலைவரிடம் காட்டி உண்மை கேட்பது அரிதன்று. கேட்கப் போகும்போது, ஆறு மணிக்குப் பின் அங்கே தட்டுக் கழுவுவார் யார் யார் என்பதையும் ஒருமுறை பார்த்து வரலாம்.